இன்னொரு பங்கு

பெனிட்டா என்ற பெயரைக் கேட்டாலே ஹேமலதாவுக்கு வயிறு எரியும். ஆய்வகத்துக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, செலினியம் கலந்தால் பாதரசம் செல்களைக் கொல்லாது என்று நிரூபிக்கப் போகிறாளாம். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், பெனிட்டா செலினியமும் பாதரசமும் விட்டு வைத்திருந்த செல் தட்டில் ஹேமலதா இன்னொரு பங்கு பாதரசத்தை விட்டாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனாள். மறுநாள் பார்த்தால் செல்கள் ஒன்றுகூடச் சாகவில்லை. "இத்தனூண்டு விஷத்தைத் தாங்குறது பெரிய விஷயமாம்மா?" என்று பேராசிரியர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். பெனிட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்களே பார்த்துச் சொல்லுங்கக்கா, இது ஒண்ணுமே இல்லையா?" என்று ஹேமலதாவை நுண்ணோக்கிக்கு இழுத்து வந்தாள். அந்தச் செல்கள் தாங்கியது இரண்டு பங்கு என்று உலகத்தில் ஹேமலதா ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.