முகப்பேர் இருண்டது

முகப்பேர் முழுக்க இருண்டுபோனது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அடுக்கடுக்கான ஃபிளாட்டுகள், எதற்கும் கரண்ட் இல்லை.

"அஞ்சு நிமிஷம்கூடத் தாங்கலியே, மனோகரன்!" என்றார் மின் நிறுவன அதிகாரி வனஜா.

நல்லவேளை, இருண்டது கணினிக்குள் இருந்த முகப்பேர். நிஜ மின் விநியோகத்தைப் போலவே நொடிக்கு நொடி இயங்கும் அந்த மாதிரியை, அம்பத்தூர் ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடம் பாடுபட்டுக் கட்டியிருந்தான் மனோகரன். மாடி அறையிலிருந்து சக ஊழியை ரோஸி ஹேக்கராகத் தாக்குவாள், அவன் காக்க வேண்டும். சோதனை நாளில் இருவரும் போனில்கூடப் பேசிக்கொள்ளக் கூடாது. தாக்குப்பிடித்தால் அவனுடைய பாதுகாப்பு ஏற்பாடு நிஜத் துணை மின்நிலையத்துக்குப் போகும்.

நேற்றுதான் அந்த மாதிரியை இன்னும் அசலாக்கியிருந்தான். முகப்பேர் குடியிருப்புச் சங்கச் செயலாளர் அவன்தான் அல்லவா? காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்ததும் ஊரே ஒரே நேரத்தில் மோட்டார் போடும் பழக்கத்தை ஒரு ஃபிளாட் விடாமல் சேர்த்திருந்தான். இப்போது அந்த இருண்ட ஊரின் கடிகாரம் திரையில் 6:00 என்று நின்றது. அவமானத்தில் அவனுக்குக் காது மடல் சுட்டது.

ஆய்வுக்கூடத்தில் டீ கொடுக்கும் பஞ்சவர்ணம் தட்டை நீட்டினாள். "ஆளுக்கொண்ணு குடுத்தும் ஒண்ணு மீந்துகீது, நீயே குடி சார்."

இவளுக்குக்கூட நம்மேல் இரக்கம் வந்துவிட்டதே என்று கூனிக் குறுகினான். வெட்கம் பிடுங்கித் தின்றது. வாய் தானாகப் பொய்யை அவிழ்த்துவிட்டது.

"மேடம், இது நேர்மையான ஆட்டமில்ல. இன்னிக்குக் காலையில ரோஸி என் பின்னாடி வந்து நின்னு பாஸ்வேர்டைப் பாத்துட்டா. என் கண்ணால பாத்தேன்."

வனஜா முகம் சுளித்தார். "அந்தப் பொண்ணு வேலையே போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்." சொல்லும்போதே தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

கதவு திறந்தது. ஒரு கையில் ஹெல்மெட்டும் விரலெல்லாம் கிரீஸுமாக ரோஸி மூச்சிரைக்க நின்றாள்.

"ஸாரி சார், ஆவடியில வண்டி பஞ்சர், இப்பதான் வர்றேன்... தாக்குதலை ஆரம்பிக்கலாமா?"