உப்புக் குவியலில் புல்

உப்புக் குவியலின் மேல் புல் பச்சைப்பசேலென்று இருந்தது. ராத்திரி மழையில் நனைந்து, காலை வெயிலில் பளபளத்தது.

"வந்து பாருங்க, உங்க தோட்டத்த" என்றாள் சத்யப்ரியா.

ஜெயப்பிரகாஷ் சிரிக்கவில்லை. குத்தகைக்கு எடுத்த உப்பளத்தில் இந்த வருஷம் விற்காமல் மிஞ்சியது அந்த ஒரு குவியல்தான். மழைக்காலம் முழுக்க அவர்கள் வீடு அதை நம்பித்தான் ஓட வேண்டும்.

அது பிளாஸ்டிக் புல். பெரிய முதலியார்சாவடி பக்கம் ஒரு ரிசார்ட்டில் கிழித்துப் போட்ட பழைய செயற்கைப் புல்தரை. குப்பைக்குப் போவது உபயோகப்படட்டுமே என்று, மழைக்கு உப்பை மூட அவன்தான் கொண்டுவந்தான்.

"சும்மாவே குடுத்தாங்க ப்ரியா. அனுமந்தை உப்பளத்து ஆளுங்களும் இதுக்குன்னே வண்டியோட நிக்கறாங்க. கொஞ்சம் லேட்டாப் போயிருந்தா இதுவும் கிடைச்சிருக்காது" என்று அன்றைக்குப் பெருமை வேறு.

வெயிலில் வெந்துபோன புல் இப்போது தொட்டாலே உதிர்ந்தது. இருவரும் அதைச் சுருட்டிக் கீழே இறக்கினார்கள். அடியில் வெள்ளை உப்பில் பச்சை நார்கள், பொடிப்பொடியாக.

"இத எங்கதாங்க போடறது? மறுசுழற்சி பண்ற கம்பெனிக்கு போன் போட்டேன். புல்லுக்குள்ள இருக்கற மணலப் பிரிச்சு, ஒரு லாரி லோடு சேர்த்து, நாமளே மெட்ராசுக்குக் கொண்டாரணுமாம். அதுவும் உதிர்ற புல்லுன்னா வேணாமாம்."

"கொளுத்திடலாமா?"

"அந்தப் புகைய யாரு குடிக்கறது?"

"பொதைச்சிட்டா?"

"அடுத்த மழைக்கு நம்ம பாத்திக்கே வந்து நிக்கும்."

அவன் குவியலின் முன் குந்தி, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் நார் பொறுக்கத் தொடங்கினான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு படி உப்பு முடிவதற்குள் விரல் நுனி எரிந்தது.

லாரிச் சத்தம் கேட்டது. உப்பு வியாபாரி குப்புசாமி வந்து இறங்கினார்.

"மேலாப்பல பொறுக்கியாச்சு. நீ வாயத் தொறக்காத" என்று கிசுகிசுத்தான் ஜெயப்பிரகாஷ்.

"நம்ம வீட்டு ரசத்துல இதப் போடுவீங்களா?"

அவன் குனிந்து இன்னொரு நாரைப் பொறுக்கினான். அவள் எழுந்தாள்.

"அண்ணே, ஏத்தறதுக்கு முன்ன ஒரு விஷயம். இதுல பிளாஸ்டிக் கலந்துடுச்சு. வேணாம்னா விட்டுடுங்க. தெரியாம எடுத்துட்டுப் போவாதீங்க."

குப்புசாமி முழங்கை வரை குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். வெயிலில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவ்வளவு ஆழத்திலும் நாலைந்து பச்சை நார்கள் இருந்தன.

ஜெயப்பிரகாஷ் மனைவியின் கையைப் பற்றிக்கொண்டான். அந்தப் பிடியில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"நீ சொன்னதுதான் சரி. வுடு, பாத்துக்கலாம்" என்றான்.

குப்புசாமி கையை உதறினார். வண்டியைத் திருப்பச் சொல்லி டிரைவருக்குச் சைகை காட்டினார். சத்யப்ரியா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

திரும்பிய லாரி, பின்பக்கமாக மெல்லக் குவியலை நோக்கி வந்து நின்றது. டிரைவர் பின்கதவைத் திறந்துவிட்டான்.

"ஏம்மா அழுவுற? இந்த வாரம் நான் பாத்த உப்புலயே சுத்தமானது இதான்!"