மகன் பேரில் ஒரு கணக்கு

“பாருங்க தம்பி, போன மாசமும் ஸ்டேஷன் பக்கம்தான் சுத்தியிருக்கான், தடியன்” என்றாள் பட்டன் கடை அம்மா. கணக்கரின் கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். எட்டாம் தேதி டீக்கடை. பதினான்காம் தேதி சலூன்.

“முடி வெட்டியிருக்கான்! வீட்ல இருந்தவரைக்கும் நான் கெஞ்சணும்.”

கணக்கர் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டார்.

மகன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம். போனை எடுப்பதில்லை. இருவர் பேரிலும் இருந்த வங்கிக் கணக்கு ஒன்றுதான் மிச்சம்; அதன் கார்டு அவனிடம் இருந்தது. மாதாமாதம் கடைக் கணக்கைக் கொடுக்க வருகிறவள், அதையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

வங்கியின் தளத்திலிருந்து கணக்கர் ஒரு ஃபைலை இறக்குவார். சாஃப்ட்வேர் அதை வாங்கி வரிசையாகக் காட்டும். கடைக் கணக்கில் சில்லறை இடித்தாலே மல்லுக்கு நிற்கிறவள், மகன் கணக்கில் மீதி எவ்வளவு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“அம்மா, அடுத்த மாசத்துலேர்ந்து ஃபைல் கிடையாது. பேங்க்கே நேரா சாஃப்ட்வேருக்கு அனுப்பிடும். நடுவுல யாரும் கை வைக்க முடியாது.”

“நல்லதுதானே. உங்களுக்கும் வேலை மிச்சம்.”

இன்று சொல்லாவிட்டால், அடுத்த மாதம் வெற்றுத் திரை சொல்லிவிடும். அந்த ஃபைல் வெறும் எழுத்துதான். நோட்பேடில் திறந்து தேதி, தொகை, கடைப் பெயர் என்று மூன்று வரி தட்டினால் போதும், சாஃப்ட்வேர் நம்பிவிடும்.

“பதினோரு மாசமா அந்தக் கார்டை யாரும் தேய்க்கலம்மா. டீக்கடை, சலூன் எல்லாம் நான் அடிச்சது.” அவர் மேசையைப் பார்த்தே பேசினார். “ஒரு மாசம் ஒண்ணுமே இல்லாம வந்துச்சே, அன்னிக்கு நீங்க இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்ல. அதான்...”

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை.

“நீங்க அடிக்க ஆரம்பிச்ச ரெண்டாவது மாசமே பேங்க்ல போய்க் கேட்டுட்டேன் தம்பி.”

மேசையில் கிடந்த பழைய நோட்டை எடுத்து, வெறும் பக்கமாகப் பார்த்துப் பிரித்து அவர் பக்கம் தள்ளினாள்.

“குளிர் வருது. அவனுக்கு ஒரு ஸ்வெட்டர் எழுதுங்க.”