பின்னலைத் தள்ளும் கை

தொடக்கநிலை யோகா வகுப்பில் குனிந்து காலைத் தொடவே நிறைமதிக்கு மூச்சு முட்டியது. அவள் கணவன் தயாளனோ, ஒருவர் பழகியதை இன்னொருவர் உடம்புக்கு மாற்றித் தரும் கம்பெனியில் காசு கட்டி, யாரோ ஒருத்தியின் பல வருஷப் பயிற்சியைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு, ஆசனத்திலிருந்து ஆசனத்துக்கு நிற்காமல் வழுக்கிப்போகும் வின்யாச வகுப்புக்கு ஒரே நாளில் தாவிவிட்டான். கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்தாள். நிமிரும்போதெல்லாம் அவன் கை, வழுக்கைத் தலையில் இல்லாத பின்னலை எடுத்து முதுகுக்குத் தள்ளியது. வகுப்பு முடிந்து அவன் வெளியே வந்ததும் கேட்டாள்.

"யாருங்க அவ?"

"அதெல்லாம் கம்பெனியில சொல்ல மாட்டாங்க. பயிற்சி மட்டுந்தான் வரும்."

வீட்டில் குனிந்து சோறு போட்டாள். முன்னால் சரிந்த அவள் பின்னலை அவன் கை மெல்ல எடுத்து முதுகில் விட்டது. கல்யாணமான நாளாக அவன் செய்யாத காரியம்.

"தொடாதீங்க!" என்று தட்டிவிட்டாள்.

குழம்பு ஊற்றக் குனியும் முன், பின்னலைத் தானே முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.