மரமண்டை

“அந்தக் கப்போர்டைத் திறந்து ஒரு டவல் எடும்மா.”

“கப்போர்டு இல்ல, கபர்ட்! எத்தனை தடவை சொல்றது, மரமண்டை!”

ஜன்னலோர நாற்காலியிலிருந்து பெரியவர் மனைவியைப் பார்த்துச் சீறினார். ஒரு காலத்தில் கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் எடுத்தவர். இப்போது ஞாபகம் கழன்றுகொண்டே வருகிறது. சாப்பிட்டோமா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் நாளெல்லாம் சுவரை வெறித்துக்கொண்டிருப்பார். ஆனால் மனைவி ஒரு இங்கிலீஷ் வார்த்தையைத் தப்பாகச் சொல்லிவிட்டால் போதும், அந்தக் குரல் எங்கிருந்துதான் வருமோ!

அவரைக் கவனித்துக்கொள்ள வந்திருந்த நர்ஸுக்கு மனசு பொறுக்கவில்லை. இந்த அம்மாள் அவரைக் குளிப்பாட்டுகிறாள், ஊட்டிவிடுகிறாள், பதிலுக்குக் கிடைப்பது இந்த ஏச்சுதானா? ஒருநாள் சமையலறையில் வைத்து மெதுவாக ஆரம்பித்தாள்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. வெட்னெஸ்டே இல்ல, வென்ஸ்டே. வெஜிட்டேபிள் இல்ல, வெஜ்டபிள்.”

“எழுத்தைப் பார்த்தா அப்படித்தானே வாசிக்கத் தோணுது?”

“அதாம்மா வம்பே! எழுதுறது ஒண்ணு, சொல்றது ஒண்ணு. காதால கேட்டுப் பழகினாத்தான் வரும். நாமெல்லாம் புஸ்தகத்தைப் பார்த்துப் படிச்சவங்கதானே? நர்ஸிங் படிக்கிறப்ப நான் ‘ஸ்டமக்’கை ‘ஸ்டொமாச்’னு வாசிச்சு, வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சிருக்கு.”

அம்மாளும் சிரித்தாள். “உனக்கு வந்துடுச்சு. இந்த வயசுல எனக்கு எங்கே நாக்கு வளையப்போகுது?”

“வளையும்மா. சரியாச் சொல்லிட்டா அவர் எதுக்குத் திட்டப்போறார்?”

அம்மாள் நறுக்கிக்கொண்டிருந்த கேரட்டிலேயே கண்ணாக இருந்தாள்.

நர்ஸும் விடுவதாயில்லை. பாத்திரம் கழுவும்போதும் பால் காய்ச்சும்போதும் பாடம் நடந்தது. அம்மாள் பொறுமையாகத் தலையாட்டுவாள். ஹாலுக்குப் போனதும் அத்தனையும் காற்றில் பறந்துவிடும். மறுபடி கப்போர்டு, மறுபடி மரமண்டை. நர்ஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

அன்று காலையும் அப்படித்தான்.

“இன்னிக்கு வெட்னெஸ்டேங்க. பையன் போன் பண்ற நாள்.”

நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெரியவர் அசையவில்லை.

“வெட்னெஸ்டேங்க...” அம்மாள் அவர் காதருகே குனிந்தாள். “வெஜிட்டேபிள் சூப் தரட்டுமா? கப்போர்டுல இருந்து சட்டை எடுக்கட்டுமா?”

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பார்த்தீங்களாம்மா! இன்னிக்கு உங்களை ஒரு வார்த்தைகூடத் திட்டலை!” நர்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அம்மாளின் முகம் வெளிறிப்போனது. போனை எடுத்து டாக்டரை அழைத்தாள். உச்சரிப்புப் பிசகாத இங்கிலீஷ் மடமடவென்று வந்து விழ, நர்ஸ் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

“டாக்டர், அவருக்கு என் பேர் மறந்துபோச்சு, பையன் முகம் மறந்துபோச்சு. நான் வேணும்னே தப்பாப் பேசினா மட்டும், திருத்தறதுக்காவது என்கிட்ட வாயைத் திறந்துட்டிருந்தார். இன்னிக்கு அதுவும் நின்னுபோச்சு டாக்டர்.”