அடுத்தது என்றொரு குழந்தை

மகளுக்கு ஓராண்டு நிறைந்தும் பெயர் அமையவில்லை. பெயருக்கேற்ற வருங்காலத்தை முன்னுரைக்கும் கருவியிடம், துயரமே தீண்டாத பெயரொன்றைத் தந்தை திருமேனி நாள்தோறும் தேடிக்கொண்டிருந்தான்.

“யாழ்மொழி?” என்றான்.

“அறுபதில் முழங்கால் வலி,” என்றது கருவி.

“அடுத்தது.”

தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை சட்டெனத் திரும்பி, அவனைப் பார்த்துச் சிரித்தது.

“பாத்தீங்களா?” என்றாள் மனைவி அங்கயற்கண்ணி. “ஒரு வருஷமா இதையே கேட்டுக் கேட்டு, ‘அடுத்தது’தான் தன் பேருன்னு நினைச்சுட்டா.”

அவன் திகைத்தான். “தப்பான பேரா அமைஞ்சுட்டா அவதானே அழணும், கண்ணு?”

“அப்ப அழவே வேண்டாத பேர் ஒண்ணாவது இருக்கான்னு கேளுங்க.”

கேட்டான்.

“அப்படி ஒரு பெயரும் இல்லை,” என்றது கருவி.

ஓராண்டாய் அழுத்திய பாரம் அக்கணமே அவன் நெஞ்சினின்று இறங்கிற்று. திருவிளக்கை ஏற்றினான். முதல் நாளே இருவரும் விரும்பி, பின் அஞ்சிக் கைவிட்ட பெயரை மகளின் வலச்செவியில் மும்முறை ஓதினான்.

“பூங்கோதை, பூங்கோதை, பூங்கோதை.”

மீசை உரசிய கூச்சத்தில் அவள் கலகலவென நகைத்தாள்.

“அடுத்தது?” என்று கருவி வினவிற்று.

பூங்கோதை திரும்பவே இல்லை. தந்தையின் மீசையை இரு கைகளாலும் பற்றி இழுத்துக்கொண்டிருந்தாள்.