ஒன்றாம் நம்பர் சட்டை

"ரஜிதனை ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

பிராண்டே நகர விளையாட்டு மண்டப வாசலில், உதைபந்தாட்டக் கழகப் பொறுப்பாளர் இன்பநாதனின் காரை மறித்துக்கொண்டு நின்றாள் யோகம்மா. கழகத்தின் ஒரு ஆட்டத்தையும் தவறவிடாத ரசிகை அவள்.

"வாற கோடைக்கு அணியை மாத்துறம் அக்கா. அவனுக்கு விரல் முறிஞ்ச கையெல்லே? பக்கத்து ஊர் கிரின்ஸ்டெட் அணியில இருந்து நல்ல கோல் கீப்பர் ஒராள் வாறார். கொமிற்றி எடுத்த முடிவு."

"உங்கட கொமிற்றியில ஒராளாவது மழையில நனைஞ்சு ஆட்டம் பாத்ததோ? நாங்கள் பாத்தனாங்கள். முறிஞ்ச விரலோட நிண்டு கப் எடுத்துத் தந்தவனை, ஆட்டம் முடிஞ்சு மாரி வந்த உடனே கழட்டி விடுறியளோ?"

"அக்கா, நீங்கள் ஒரு தாய். நீங்களே இப்பிடிக் கதைக்கலாமோ?"

"தாயெண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவேணுமோ? கோடைக்கு ரஜிதன்தான் நிக்கவேணும். இல்லாட்டி உங்கட ஆட்டம் பாக்க ஒரு சனமும் வராது. நான் வரவிடமாட்டன்!"

யோகம்மா விறுவிறுவென்று தன் காருக்கு வந்து கதவைத் திறந்தாள். முன் சீட்டில் அவள் மகன் சுபாங்கன், கழகம் கோல் கீப்பருக்கென்று கொடுத்த ஒன்றாம் நம்பர் சட்டையை மடியில் விரித்து அழகு பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் குடு. வந்த உடனே ரஜிதன்ர இடம் கேக்குதோ உனக்கு? முதல்ல பெஞ்சில இரு."

"அம்மா, நானெல்லே உங்கட பிள்ளை!"

"அதுக்கென்ன? போன வருசம் நீ கிரின்ஸ்டெட்டுக்குக் கோல் காக்கேக்கையும், நான் ரஜிதனுக்குத்தானே கை தட்டினனான்!"